டவுன்ஹில் லாங்போர்டு: பலகையைக் கடைசியில் வரையுங்கள்

காட்பாடியில் இன்ஜினியரிங் படிக்கும் ஒரு தம்பியின் கேள்வி இது. கூடப் படிக்கிற இரண்டு பேரோடு சேர்ந்து மலை இறக்கப் பந்தயத்துக்கான லாங்போர்டு (நீளமான ஸ்கேட்போர்டு) ஒன்றைத் தாங்களே வடிவமைத்துச் செய்யப் போகிறார்களாம். வேகத்தில் ஆடாமல் இருக்க 42 அங்குல நீளம் போதுமா, மேப்பிள் இங்கே கிடைக்காது என்பதால் மரைன் பிளைவுட் தாங்குமா, ஏலகிரி மாதிரி கொண்டை ஊசி வளைவுகள் உள்ள சாலைக்கு என்ன வடிவம் சரி, என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறார்.

தம்பி, முதலில் அந்த 42 அங்குலத்தை விட்டுவிடுங்கள். நீளமான போர்டு என்றால் நிலையான போர்டு என்பது பழைய நம்பிக்கை. பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன் பந்தயக்காரர்களே 38, 40 அங்குல டெக்கில் (கால் நிற்கும் பலகை), நடுவில் தாழ்ந்த, ட்ரக்கை (வீல்களைத் தாங்கித் திருப்பும் உலோகப் பகுதி) ஓட்டைக்குள் நுழைத்துப் பூட்டும் வகைகளில்தான் ஓட்டினார்கள். இன்றைக்குப் பந்தயத்தில் முன்னால் போகிறவர்கள் காலடியில் இருப்பது பெரும்பாலும் 36 அங்குலத்துக்கும் குறைந்த, ட்ரக் அடியில் பூட்டிய, விறைப்பான சின்ன டெக். அது ஃபேஷன் மாற்றம் இல்லை, பின் ட்ரக்கின் கோணத்தை எல்லாரும் புரிந்துகொண்டதன் விளைவு. அதனால் உங்கள் நோட்டில் பலகையின் வெளிக்கோட்டை முதலில் வரைந்திருந்தால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுங்கள். பின் ட்ரக், அப்புறம் வீல்பேஸ் (இரண்டு ட்ரக்குக்கும் நடுவிலுள்ள தூரம்), அப்புறம் கால் நிற்கும் இடம், கடைசியில்தான் பலகை.

ஏன் என்று சொல்கிறேன். முதலில் எவ்வளவு வேகத்துக்கு டிசைன் செய்கிறோம் என்று ஒரு தோராயக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஆளும் போர்டும் சேர்ந்து 80 கிலோ, சாலைச் சரிவு 8 சதவீதம், உருளும் உராய்வுக்கு 0.015 என்று வைத்துக்கொள்ளுங்கள். இழுக்கும் விசை சுமார் 51 நியூட்டன் வரும். நேராக நின்றால் காற்றுத் தடைக்கான பரப்பு 0.6 சதுர மீட்டர் அளவில் இருக்கும், வேகம் 44 கி.மீ. அருகில் நின்றுவிடும். அதே ஆள் மார்பைத் தொடைமேல் அழுத்தி, கையைப் பின்னால் கட்டிக் குனிந்தால் அது 0.25 வரை இறங்கும், வேகம் 68 கி.மீ. ஆகும். போர்டில் எதையும் மாற்றாமல், குனிந்ததற்கு மட்டும் 24 கி.மீ. மோசமான வீல் போட்டு உராய்வை 0.020 ஆக்கினாலும் மூன்று கி.மீ.தான் போகும். போர்டின் எடையை ஒரு கிலோ குறைத்தால்? இறக்கத்தில் எடை உதவி செய்கிறது, எனவே நூலளவு வேகம் குறையும். கார்பன் ஃபைபர் போட்டு எடையைக் குறைக்கப் போகிறோம் என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுங்கள். கார்பன் விறைப்புக்கு, எடைக்கு இல்லை. ஆக, போர்டின் வேலை வேகம் கொடுப்பது அல்ல, அந்த வேகத்தில் நீங்கள் பயமில்லாமல் குனிந்தே இருக்கும்படி பார்த்துக்கொள்வது.

இன்னொரு கணக்கு வளைவுக்கு. 12 மீட்டர் ஆரம் உள்ள கொண்டை ஊசி வளைவில், வீல் பிடிப்பு 0.7 என்றால் அதிகபட்சம் 33 கி.மீ.தான் தாங்கும். 68இல் வருகிறவன் அதற்கு முன் முப்பது முப்பத்தைந்து மீட்டர் தூரம் போர்டைக் குறுக்கே திருப்பி, சறுக்கி வேகத்தைக் கழிக்க வேண்டும். ஏலகிரியில் கவிஞர்கள் பெயரும் கடையேழு வள்ளல்கள் பெயருமாக 14 வளைவு இருக்கிறதே, அதுபோன்ற பாதையில் பதினான்கு தடவையும் இதே வேலை. 2017இல் கனடாவின் கியூபெக்கில் பீட் கானலி மணிக்கு 146.73 கி.மீ. போனார், அது நேர்ச்சாலையில் எட்டிய சாதனை. அப்படிப்பட்ட ஓட்டத்துக்கான போர்டின் அளவுகளை அப்படியே எடுத்து வளைவுச் சாலைக்கு வைத்தால் பொருந்தாது. உங்களுக்குத் தேவை சறுக்கிப் பிரேக் போடச் சொன்னபடி கேட்கிற போர்டு.

சரி, பின் ட்ரக்குக்கு வருவோம். டவுன்ஹில்லுக்குப் போடும் ட்ரக்கில் கிங்பின் என்ற நடு போல்ட் வெளிப்பக்கம் பார்த்திருக்கும், டெக்கில் பூட்டும் தட்டான பேஸ்பிளேட்டில் 50, 44, 30, 20 என்று ஒரு கோணம் இருக்கும். போர்டு எவ்வளவு சாய்ந்தால் ஆக்ஸில் எவ்வளவு திரும்பும் என்பதை அந்தக் கோணம்தான் முடிவு செய்கிறது. பேஸ்பிளேட் கோணத்தின் டேன், சாய்வின் சைன், இரண்டையும் பெருக்கினால் திரும்பும் கோணத்தின் டேன் வரும். பலகை 10 டிகிரி சாயும்போது 50 டிகிரி ட்ரக் ஏறக்குறைய 12 டிகிரி திரும்பும், 20 டிகிரி ட்ரக் 4 டிகிரிகூடத் திரும்பாது.

இப்போது இதைக் கவனியுங்கள். 75 செ.மீ. வீல்பேஸ், முன்னும் பின்னும் 50 டிகிரி: அந்த 10 டிகிரிச் சாய்வில் திரும்பும் ஆரம் 1.8 மீட்டர். வீல்பேஸை 55 செ.மீ. ஆக்கி, பின்னால் மட்டும் 20 டிகிரி போட்டால் 2 மீட்டர். கிட்டத்தட்ட ஒரே வளைவு. ஆனால் முதல் போர்டில் பின் சக்கரமும் முன் சக்கரம் அளவுக்கே ஆட்டம் போடும், இரண்டாவதில் அது சாதுவாகப் பின்தொடரும். போர்டு குட்டையானதன் ரகசியம் முழுக்க இதுதான்: பின் ட்ரக்கை அடக்கியதால் இழந்த வளைவை, வீல்பேஸைக் குறைத்துத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். 75 செ.மீ. அப்படியே வைத்துப் பின்னால் 20 டிகிரி போட்டால் 2.8 மீட்டர், கொண்டை ஊசியில் லாரி திருப்புகிற மாதிரி இருக்கும்.

வேகத்தில் போர்டு இடமும் வலமும் உதறுகிறதே, அந்த நடுக்கம் பெரும்பாலும் பின்னாலிருந்துதான் ஆரம்பிக்கும். இது வெறும் ஓட்டுநர் அனுபவம் இல்லை, 1979லேயே மாண்ட் ஹப்பார்டு என்பவர் ஸ்கேட்போர்டின் பக்கவாட்டு நிலைத்தன்மையைச் சமன்பாடாக எழுதியிருக்கிறார். 2016இல் புடாபெஸ்ட் ஆய்வாளர்கள் அதில் ஆளின் அனிச்சைச் செயலின் தாமதத்தையும் சேர்த்துப் பார்த்தார்கள். போர்டு உதறியதை உங்கள் உடம்பு உணர்ந்து திருத்துவதற்குள் ஒரு கணம் போய்விடுகிறது, வேகம் ஏற ஏற அந்தத் தாமதமே நடுக்கத்தை வளர்க்கிறது. நடுவுக்கு முன்னால் நிற்கிறவருக்கு இந்தச் சிக்கல் குறைவு என்பதும் அவர்கள் கணக்கில் வருகிறது. பயந்தவுடன் எல்லாரும் செய்வது பின்காலில் சாய்வது, அதாவது சரியாக நேர் எதிரானது. எடையில் முக்கால் பங்கு முன்காலில் இருக்கட்டும், முன்கால் முன் ட்ரக்கின் போல்ட்டுகளை ஒட்டி இருக்கட்டும்.

20 டிகிரி பேஸ்பிளேட் தனியாக வாங்கப் பணம் இல்லையென்றால், ஒரே மாதிரி 50 டிகிரி ட்ரக் ஜோடி வாங்கி, பின்னால் ட்ரக்குக்கும் டெக்குக்கும் நடுவில் ஆப்பு வடிவில் அடிக்கட்டை வைத்துக் கோணத்தைக் குறைக்கலாம். 10 டிகிரி ஆப்பு வைத்தால் 50 என்பது 40 ஆகும். ராணிப்பேட்டைப் பக்கம் எந்த லேத் பட்டறையிலும் நைலான் கட்டையில் மில்லிங் செய்து தருவார்கள். ஆப்பு எந்தப் பக்கம் தடிமன் என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துப் பூட்டுங்கள், திருப்பிப் போட்டால் 60 ஆகிவிடும், அந்தப் போர்டில் நான் ஏறமாட்டேன். ட்ரக்கையே வார்த்துப் பார்க்கலாமா என்று ஆசை வரும், வேண்டாம். வார்ப்பில் உள்ளே இருக்கும் காற்றுக்குமிழ் கண்ணுக்குத் தெரியாது. வாங்குங்கள். கிங்பின்னில் கோத்திருக்கும் ரப்பர் போன்ற வளையமான புஷ்ஷிங்கில் முன்னால் 85ஏ முதல் 90ஏ (எண் கூடினால் கடினம்), பின்னால் அதைவிட இரண்டு மூன்று எண் கடினமாக வைத்து ஆரம்பியுங்கள், உடல் எடைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

இப்போதுதான் பலகை. 55 செ.மீ. வீல்பேஸ், இரண்டு முனையிலும் ட்ரக்குக்கு மேல் கொஞ்சம் இடம், பின்னால் சின்ன வால்: மொத்தம் 34, 35 அங்குலத்தில் முடிந்துவிடும். 150 மி.மீ. ஹேங்கருக்கு (ட்ரக்கில் ஆக்ஸிலைத் தாங்கும் பகுதி) 9 அங்குல அகலம் பொருந்தும். அதைவிட அகலமாக்கினால் விளிம்பை மிதிக்கும்போது நெம்புகோல் பலம் கூடி, ட்ரக் தேவைக்கு மேல் துடிப்பாகிவிடும். ட்ரக்கின் போல்ட் ஓட்டை இரண்டு அளவில் வரும்: அகலம் இரண்டிலும் 41.3 மி.மீ., நீளம் மட்டும் பழைய அளவில் 63.5, புதிய அளவில் 54. லாங்போர்டு ட்ரக்குகளில் பலவற்றில் இரண்டுக்குமே ஓட்டை இருக்கும், இருந்தாலும் ட்ரக்கைக் கையில் வைத்துக்கொண்டு துளை போடுங்கள். அமெரிக்க அளவு போல்ட் கிடைக்காவிட்டால் எம்5 ஆலன் போல்ட், தலை உள்ளே அமரும் வகை, அப்படியே வேலை செய்யும்.

மரைன் பிளைவுட் தாங்குமா என்ற கேள்விக்கு: தாங்கும், ஆனால் கடைக்காரர் வெட்டிக் கொடுக்கிற திசையில் தாங்காது. ஸ்கேட்போர்டு டெக்கில் மேப்பிள் தாள் ஏழு என்றால் ஐந்து நீளவாட்டில், இரண்டு மட்டும் குறுக்கே போகும். நம் ஊர் 4 மி.மீ. பிளைவுட்டிலோ மேலும் கீழும் இருப்பது மெல்லிய முகத்தாள், நடுவில் இருக்கும் தடித்த தாள் குறுக்கே கிடக்கும். அழகான முகத்தின் ரேகை நீளவாட்டில் போகிறது என்று நம்பி வெட்டினால், பலத்தில் பெரும்பகுதி தப்பான திசையில் போய்விடும். அதனால் முதலில் மரைன் பிளைவுட்டுக்கான ஐஎஸ் 710 முத்திரை உள்ள 4 மி.மீ. தாள் ஒன்று வாங்கி, 30 செ.மீ. நீளம் 5 செ.மீ. அகலத்தில் இரண்டு பட்டை வெட்டுங்கள், ஒன்று தாளின் நீளவாட்டில், ஒன்று குறுக்குவாட்டில். மேசை விளிம்பில் கிளாம்ப் போட்டு, முனையில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டு எது குறைவாக வளைகிறது என்று பாருங்கள். வளையாத திசைதான் உங்கள் டெக்கின் நீளம். வெட்டிய ஓரத்தையும் உற்றுப் பாருங்கள், நடுத்தாளில் இடைவெளி தெரிந்தால் அந்தத் தாள் அலமாரிக்குப் போகட்டும். எட்டுக்கு நாலு தாளில் 40க்கு 11 அங்குலத் துண்டு எட்டு வரும், மூன்றடுக்கு டெக் இரண்டும் சோதனைக்கு இரண்டு துண்டும் கிடைக்கும்.

மூன்றடுக்கு ஒட்டினால் 12 மி.மீ. வளையாமல் நிற்கும் விறைப்பு தடிமனின் மூன்றாம் படியில் (தடிமன் × தடிமன் × தடிமன்) போவதால் 10 சதவீதம் தடிமன் கூட்டினாலே 33 சதவீதம் விறைப்பு கூடும், அதில் கஷ்டம் இல்லை. கஷ்டம் முறுக்கத்தில். சறுக்கும்போது முன்கால் ஒரு பக்கமும் பின்கால் மறுபக்கமும் அழுத்தும், அப்போது ஈரத்துணி பிழிகிற மாதிரி டெக் முறுக்கிக்கொண்டால் முன் ட்ரக்கின் சாய்வு வேறு, பின் ட்ரக்கின் சாய்வு வேறு, மேலே போட்ட கோணக் கணக்கெல்லாம் வீண். இதற்குக் கண்ணாடி நார்த் துணியை 45 டிகிரி திரும்பிய வாக்கில் வெட்டி மேலும் கீழும் ஒட்ட வேண்டும். நேராகப் போட்டால் வளைவதைத் தடுக்கும், சாய்வாகப் போட்டால்தான் முறுக்கத்தைத் தடுக்கும். பலரும் விட்டுவிடுகிற விஷயம் இது. இரண்டு அடுக்கு போடுகிறீர்கள் என்றால் இரண்டையுமே சாய்வாகப் போடுங்கள், நேர்வாட்டுப் பலத்தை மரம் பார்த்துக்கொள்ளும்.

ரெசின் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. தண்ணீர்த்தொட்டி செய்யும் எஃப்ஆர்பி (கண்ணாடி நார் பிளாஸ்டிக்) பட்டறையில் கிடைப்பது பாலியஸ்டர் ரெசின், மரத்தில் அது உரிந்து வந்துவிடும். எப்பாக்ஸிதான் வேண்டும். உங்கள் காலேஜ் காம்போசிட் லேபில் பெரும்பாலும் எல்ஒய்556 ரெசினும் எச்ஒய்951 ஹார்டனரும் இருக்கும், எடையில் பத்துக்கு ஒன்று. கண்ணளவில் ஊற்றாமல் தராசில் வையுங்கள். வெப்பம் 10 டிகிரி ஏறினால் கலவை இறுகும்முன் கையில் இருக்கும் நேரம் ஏறக்குறைய பாதியாகும், வேலூர் மே மாதத்தில் மத்தியானம் கலக்கினால் டப்பாவிலேயே புகைந்து இறுகிவிடும். விடிகாலையில், சின்னச் சின்ன அளவாகக் கலக்குங்கள். அறை வெப்பத்தில் இறுகிய எப்பாக்ஸி சூட்டில் இளகும், அதனால் ஒரு நாள் கழித்து மரப்பெட்டிக்குள் குண்டு பல்பு போட்டு 60, 70 டிகிரியில் சில மணி நேரம் வையுங்கள். அதற்கப்புறமும் வெயிலில் பூட்டிய காருக்குள் டெக்கை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

கால் பிடிப்புக்குக் குழிவு வேண்டும். 24 செ.மீ. அகலத்தில் 10 மி.மீ. ஆழம் என்றால் 4 மி.மீ. பிளைவுட் முணுமுணுக்காமல் வளையும். நடுவில் மேடு உள்ள டபிள்யூ வடிவம் அதில் வராது, அந்த மேட்டைத் தனியாகப் பிளைவுட் சீவலில் செய்து மேலே ஒட்டிக் கிரிப் டேப்பால் மூடிவிடலாம். அழுத்துவதற்குப் பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரசரை வாக்குவம் பம்பாக்கி, பாலிதீன் பைக்குள் வைத்துக் காற்றை உறிஞ்சினால் போதும். முழு வெற்றிடம் வராது, ஆனால் இந்தப் பரப்புக்கு வந்தவரை ஒன்றரை டன்னுக்கு மேல் சீராக அழுத்தும். ஆசாரி பட்டறையில் கிளாம்ப் போட்டால் கிளாம்ப் இருக்கும் இடத்தில் மட்டும்தான் அழுத்தம். முன்காலுக்கு முன்னால் ஒரு ஃபுட் ஸ்டாப், அலுமினியத் துண்டோ நைலான் துண்டோ, முன் ட்ரக் போல்ட்டிலேயே பூட்டிக்கொள்ளுங்கள், குனிந்திருக்கும்போது கால் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டியிருக்காது.

டெக் முடிந்ததும் சாலைக்குப் போகாதீர்கள். ஒரு பக்க ட்ரக் இடத்தை மேசையில் பூட்டி, மறுபக்க ட்ரக் ஓட்டையில் குறுக்காக ஒரு மீட்டர் கம்பி பூட்டி, கம்பி முனையில் 5 கிலோ தொங்கவிட்டு எத்தனை மி.மீ. இறங்குகிறது என்று அளந்து எழுதுங்கள். கடையில் வாங்கிய நல்ல டெக் யாரிடமாவது இருந்தால் அதே சோதனையை அதிலும் செய்யுங்கள். உங்களுடையது அதைவிட அதிகம் இறங்கினால் இன்னொரு சாய்வு அடுக்கு துணி ஒட்டுங்கள். வீல் போட்டு, புஷ்ஷிங் முழுக்க அமுங்கும்வரை சாய்த்து, வீல் டெக்கைத் தொடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். தொட்டால் அந்த இடத்தில் அரைவட்ட அரத்தால் குழி எடுங்கள், அல்லது 6 மி.மீ. அடிக்கட்டை வையுங்கள். ஓட்டத்தில் வீல் டெக்கில் உரசினால் போர்டு அங்கேயே நிற்கும், நீங்கள் நிற்கமாட்டீர்கள்.

வீல் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1970களின் தொடக்கத்தில் ஃபிராங்க் நாஸ்வொர்த்தி யூரித்தேன் வீலைக் கொண்டுவந்ததிலிருந்துதான் இந்த விளையாட்டே சாத்தியமானது, சிறிது காலத்தில் 1975இல் கலிஃபோர்னியாவின் சிக்னல் ஹில்லில் இறக்கப் பந்தயம் நடந்தது. இன்றைக்கு 70 மி.மீ. விட்டம், 78ஏ அல்லது 80ஏ, உள்ளே அகலமான கடினக் கோர், இது பொது அளவு. பழகும்போது விளிம்பு உருண்டையானதை வாங்குங்கள், சறுக்க ஆரம்பிக்கும்போதும் மறுபடி பிடிக்கும்போதும் இதமாக இருக்கும். விளிம்பு கூர்மையான பந்தய வீல் நன்றாகப் பிடிக்கும், விட்டால் திடீரென்று விடும். நம் பக்கத்துத் தார்ச்சாலை ஜல்லி துருத்திக்கொண்டு சொரசொரப்பாக இருப்பதால் 78ஏ பக்கம் சாய்வது நல்லது, வெயிலில் தார் கொதிக்கும்போது மட்டும் அது சீக்கிரம் தேயும்.

ஏலகிரிப் பாதையில் ஓட்டிப் பார்க்கலாமா என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் கேள்வியின் அடியில் அது இருக்கிறது. கூடாது. பேருந்து வருகிறது, சனி ஞாயிறில் சுற்றுலாக்காரர்களின் கார் வரிசை வருகிறது, வளைவில் குரங்குக்குச் சோறு போட வண்டியை நிறுத்துகிறார்கள். பந்தயம் என்பது சாலையை அடைத்து, வளைவில் வைக்கோல் கட்டு அடுக்கி நடத்துவது. நீங்கள் அனுமதி வாங்கி, மூடிய வளாகத்துக்குள் இருக்கும் ஒரு சின்னச் சரிவில், கீழே சமதளம் நீளமாக இருக்கிற இடத்தில், காலையில் ஓட்டுங்கள். சறுக்கி நிறுத்தக் கற்றுக்கொள்ளாதவரை அந்தச் சரிவைத் தாண்டாதீர்கள்.

உடுப்பு விஷயத்தில் நமக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். முகம் முழுக்க மூடும் ஹெல்மெட்டை மட்டும் காசு பார்க்காமல் வாங்குங்கள். மற்றதெல்லாம் இங்கேயே. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் தோல் கையுறையும் ஷூவும் தைக்கிற கை எத்தனையோ இருக்கிறது. கெட்டியான தோல் கையுறை ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வெல்க்ரோ தைத்து, 12 மி.மீ. தடிமனில் வட்டமாக வெட்டிய பிளாஸ்டிக் துண்டை அதில் ஒட்டினால் சறுக்கும்போது தரையில் ஊன்றும் கை தயார். வட்டத்துக்கு, காய் நறுக்கும் வெள்ளைப் பலகை இருக்கிறதே, அந்தப் பாலிஎத்திலீன் பழகும்போது போதும், தேய்ந்ததும் மாற்றிக்கொள்ளலாம். ஓரத்தைச் சாய்வாக இழைத்துவிடுங்கள், கூராக விட்டால் ஜல்லியில் மாட்டி மணிக்கட்டைத் திருப்பும். முழு உடுப்புத் தைப்பதாக இருந்தால் ஜாக்கெட்டுக்குப் போடும் மெல்லிய ஆட்டுத்தோல் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லுங்கள். மாட்டுத்தோல், 1.2 முதல் 1.4 மி.மீ., இடுப்பு, தோள், முழங்கை, முழங்காலில் இரட்டை அடுக்கு, விழுந்தால் தரையில் தேயும் இடங்களில் தையல் வராமல். அளவெடுக்கும்போது நேராக நிற்காதீர்கள், ஓட்டத்தில் குனிகிற அதே நிலையில் நின்று முதுகை அளக்கச் சொல்லுங்கள்.